வாசகர் கேள்வி-பதில்: பாவ்லோவும் மூன்று நாள் கெடுவும்

1991 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் 50, 100 ரூபிள் நோட்டுகளை ஒரே இரவில் செல்லாக்காசாக்கியவர் வாலண்டின் பாவ்லோவ். ஒன்றரை ஆண்டு நிதியமைச்சர், ஏழு மாதம் பிரதமர், பிறகு கைதி. சென்ற இதழில் அவரைப் பற்றி வந்த சிறு குறிப்புக்கு வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்தன. பொருளாதாரப் பகுதியினர் தரும் பதில்கள் இங்கே.

எல்லாமே அரசுக்குச் சொந்தமான நாட்டில் நிதியமைச்சருக்கு என்ன வேலை? (வாசகர், மதுரை)

நம் நாட்டு நிதியமைச்சரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த ஆலை எத்தனை டன் உருக்கு வார்க்க வேண்டும், எந்தத் தொழிற்சாலை எத்தனை ஜோடிச் செருப்பு தைக்க வேண்டும் என்று வகுத்தது கோஸ்பிளான் என்னும் திட்டக் குழு. அதற்கும் மேலே கட்சியின் அரசியல் குழு. சரக்குக் கணக்கை அவர்கள் முடித்த பிறகு அதற்கு ஏற்றாற்போல் பணக் கணக்கு எழுதுவது நிதியமைச்சகம். வாஸிலி கார்புசோவ் 1960-ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து 1985-ல் இறக்கும்வரை இருந்தார். ரூபிள் சரக்கின் பின்னால் ஓடிய காலத்தில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

வருவாய் முக்கியமாக இரண்டு வழியில் வந்தது. ஒன்று விற்றுமுதல் வரி: ஆலை விலைக்கும் கடை விலைக்கும் நடுவே அரசு வைத்த இடைவெளி. பொருளுக்குப் பொருள் இது மாறும். வோட்காவில் மிக அதிகம். இன்னொன்று ஆலைகளின் லாபத்திலிருந்து எடுத்த பங்கு. சம்பளத்தின் மீதான வருமான வரி சிறியது, பெரும்பாலோருக்கு உச்சமே 13 விழுக்காடுதான்.

இதோடு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே பணம் இரண்டு வகையாகப் புழங்கியது. ஆலைக்கும் ஆலைக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல் கோஸ்பாங்க் என்ற மைய வங்கியின் பேரேட்டில் எண்களாக மட்டுமே நகரும். ரொக்கம் கூலியாக வெளியே போகும், கடைக் கல்லாப்பெட்டி வழியாக வங்கிக்குத் திரும்பும். பேரேட்டுப் பணத்தைக் கூலிக்கு அனுமதித்த அளவுக்கு மேல் ரொக்கமாக்க முடியாது. இந்தத் தடுப்புச் சுவர் நின்றவரை விலைகளைப் பிடித்துவைக்க முடிந்தது. 1988-ல் சுவர் இடிந்தது.

பாவ்லோவ் எப்படி மேலே வந்தார்? (வாசகர், திருச்சி)

1937-ல் மாஸ்கோவில் பிறந்தவர். 1958-ல் மாஸ்கோ நிதிக் கல்விக்கழகத்தில் படிப்பை முடித்து நிதித் துறையிலேயே சேர்ந்தார். 1979-ல் கோஸ்பிளானின் நிதி, அடக்கச் செலவு, விலைப் பிரிவுக்குத் தலைவர். 1986-ல் விலை நிர்ணயக் குழுவின் தலைவர். 1989 கோடையில் நிதியமைச்சர். பிரதமர் நிக்கோலாய் ரிஷ்கோவ் மாரடைப்பால் விலகியதும் 1991 ஜனவரி 14 அன்று பிரதமர். கட்சிச் செயலாளராகவோ ஆலை இயக்குநராகவோ இருந்து ஏறிய வழி இவருடையதில்லை. முழுக்கக் கணக்கு மேசையிலிருந்து வந்தவர். குத்திட்டு நிற்கும் தலைமுடியையும் கனத்த உடலையும் சேர்த்து மக்கள் அவருக்கு ‘பன்றி முள்ளெலி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

சோவியத் பட்ஜெட்டின் அவ்வளவு பெரிய பற்றாக்குறையை ஆண்டுக்கணக்கில் எப்படி மறைக்க முடிந்தது? (வாசகர், கோயம்புத்தூர்)

மறைப்பது எளிதாகவே இருந்தது. சேமிப்பு வங்கி ஒன்றுதான், அதுவும் அரசுடையது. மக்கள் அதில் இரண்டு மூன்று விழுக்காடு வட்டிக்குப் போட்ட பணத்தைக் கடனாக எடுத்து, பட்ஜெட்டில் வரவுப் பக்கத்தில் எழுதினார்கள். போதாததற்கு கோஸ்பாங்கிலிருந்து நேரடிக் கடன். ஏட்டில் ஒவ்வொரு ஆண்டும் சிறு உபரி தெரியும். இதில் ஒரு குரூரமான வசதி இருந்தது: கடையில் சரக்கு குறையக் குறைய மக்களின் பணம் செலவாகாமல் சேமிப்பில் சேரும், சேமிப்பு வளர வளர அரசுக்குக் கிடைக்கும் கடனும் வளரும். தட்டுப்பாடே கஜானாவை நிரப்பியது.

1988 அக்டோபரில் அன்றைய நிதியமைச்சர் போரிஸ் கோஸ்தெவ் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் சுமார் 3,600 கோடி ரூபிள் துண்டு விழும் என்று நாடாளுமன்றமான உச்ச சோவியத்தில் ஒப்புக்கொண்டார். அதுவே ஒரு நிலநடுக்கம்போல் இருந்தது. வாங்கிய கடனையும் சேர்த்துப் பார்த்தால் தொகை அதைவிடப் பெரிது. 1989-ல் அரசுத் தரப்பிலிருந்தே 12,000 கோடி என்ற எண் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் ராணுவச் செலவு இதுவரை சொல்லிவந்த 2,020 கோடி இல்லை, 7,730 கோடி என்று நாட்டின் தலைவர் கோர்பச்சேவ் அறிவித்தார். பாவ்லோவ் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றது இதற்கு அடுத்த சில வாரங்களில்.

காரணங்களில் முதலில் சொல்லப்படுவது கச்சா எண்ணெய். 1986-ல் உலகச் சந்தையில் அதன் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. அதனால் டாலர் வருவாய் குறைந்தது என்பதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். உண்மையான அடி உள்ளே விழுந்தது. டாலர் கொடுத்து வாங்கிய வெளிநாட்டுத் துணிமணி, காலணி, காபி போன்றவற்றை அரசு உள்நாட்டில் பல மடங்கு ரூபிளுக்கு விற்று வந்தது. அந்த வித்தியாசம் பட்ஜெட்டின் பெரிய வரவு. டாலர் குறைந்ததும் முதலில் வெட்டப்பட்டது இந்த இறக்குமதிதான். தானியத்தையும் இயந்திரங்களையும் வெட்ட மனம் வரவில்லை. ஆக ரூபிள் வரவும் சேர்ந்து போனது.

இரண்டாவது, 1985 மே மாதம் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கம். வோட்கா விற்பனை குறைந்ததும் விற்றுமுதல் வரி வற்றியது. குடிப்பவர்கள் வீட்டிலேயே சாராயம் காய்ச்ச, கடைகளில் சர்க்கரை மறைந்து பல ஊர்களில் பங்கீட்டு அட்டைக்கு வந்தது. செர்னோபில் அணு உலை விபத்தும் 1988 ஆர்மீனிய நிலநடுக்கமும் சேர்த்துச் செலவை ஏற்றின.

மூன்றாவதுதான் வினையானது. 1988 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த அரசு நிறுவனச் சட்டம், ஆலை இயக்குநர்கள் லாபத்தில் பெரும்பங்கைத் தாங்களே வைத்துக்கொள்ள அனுமதித்தது. விலையை நிர்ணயித்தது அரசு, கூலியை நிர்ணயித்தது ஆலை. இயக்குநர்கள் கூலியை ஏற்றினார்கள். புதிய விதிப்படி பல இடங்களில் அவர்களைத் தேர்ந்தெடுத்ததே தொழிலாளர்கள்தானே! அதே ஆண்டு மே மாதம் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அரசு ஆலை ஒன்று ஒரு கூட்டுறவுக்கு ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று பேரேட்டுப் பணத்தை மாற்றும், கூட்டுறவு அதை வங்கியில் ரொக்கமாக எடுக்கும். முன்பு சொன்ன சுவர் இடிந்தது இப்படி. சட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் வியப்பு.

விலையை உயர்த்தியிருந்தால் தீர்ந்திருக்குமே? (வாசகர், புதுச்சேரி)

பாவ்லோவும் அதைத்தான் சொன்னார். விலைக் குழுவில் இருந்தபோதே அதற்கான கணக்குகள் அவர் மேசையில் இருந்தன. ஆனால் இறைச்சி, வெண்ணெய் விலையை 1962 ஜூனில் உயர்த்தியபோது நோவோசெர்காஸ்க் நகரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்க, ராணுவம் சுட்டது. 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பின் கடையில் இறைச்சியின் அரசு விலையைத் தொட எந்தத் தலைவருக்கும் துணிவில்லை. கொள்முதல் விலை ஏறிக்கொண்டே போனது; கடை விலை கிலோ இரண்டு ரூபிளை ஒட்டியே நின்றது; நடுவில் உள்ளதை மானியமாகக் கட்டியது நிதியமைச்சகம்.

1990 மே 24 அன்று ரிஷ்கோவ் ஒரு பெரும் பிழை செய்தார். ஜூலை 1 முதல் ரொட்டி விலை மூன்று மடங்காகும், மற்ற விலைகள் பிறகு என்று முன்கூட்டியே உச்ச சோவியத்தில் அறிவித்தார். அடுத்த நாளே மாவு, உப்பு, சேமியா, எண்ணெய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மக்கள் வாரிக்கொண்டு போனார்கள். மாஸ்கோவில் உள்ளூர்வாசி என்று பாஸ்போர்ட் (அங்கே அது உள்நாட்டு அடையாள ஏடு) காட்டினால்தான் சரக்கு என்று விதி போட வேண்டியதாயிற்று. உச்ச சோவியத் விலையேற்றத்தை ஏற்கவில்லை. விலையும் ஏறவில்லை, சரக்கும் போயிற்று.

1991-ல் அதைவிட விசித்திரம். மொத்த விலைகளை ஜனவரி 1-லேயே உயர்த்திவிட்டு, சில்லறை விலைகளை ஏப்ரல் 2-ல் உயர்த்தினார்கள். இடைப்பட்ட மூன்று மாதமும் அரசு அதிக விலைக்கு வாங்கி, பழைய விலைக்கே விற்றது. கணக்கு மேசையிலிருந்து வந்த ஒருவரின் ஆட்சியில் இது நடந்ததை மன்னிப்பது கடினம்.

அந்த நோட்டு மாற்றம் எப்படி நடந்தது? படிப்படியாகச் சொல்ல முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

1991 ஜனவரி 22, செவ்வாய். கோர்பச்சேவ் ஆணையில் கையெழுத்திட்டார். இரவு 9 மணிக்கு, வங்கிகளும் கடைகளும் மூடியபின், ‘வ்ரேம்யா’ தொலைக்காட்சிச் செய்தியில் அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் 1961-ல் வெளியான 50, 100 ரூபிள் நோட்டுகள் செல்லாது. 25 ரூபிளும் அதற்குக் கீழ் உள்ளவையும் செல்லும். விளாடிவாஸ்டாக்கில் அப்போதே 23-ஆம் தேதி அதிகாலை.

மாற்றிக்கொள்ள 23, 24, 25 என மூன்று நாள். வேலையில் இருப்பவர்கள் தத்தம் வேலையிடத்திலேயே பட்டியல் போட்டு மாற்றினார்கள்; வரம்பு ஒரு மாதச் சராசரிச் சம்பளம், அதிலும் 1,000 ரூபிளுக்கு மேல் கூடாது. ஓய்வூதியர்கள் சேமிப்பு வங்கியில் மாற்றினார்கள், 200 ரூபிள்வரை. அதற்கு மேல் வைத்திருந்தால் உள்ளாட்சி அமைப்பின் ஆணையத்திடம் மனுப் போட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும். சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 500 ரூபிளுக்கு மேல் எடுக்க முடியாது. எடுத்ததைப் பாஸ்போர்ட்டில் குறித்தார்கள்.

செய்தியை உடனே புரிந்துகொண்டவர்கள் இரவோடிரவாக ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். பெரிய நோட்டைக் கொடுத்துத் தொலைதூரப் பயணச்சீட்டு வாங்கிப் பிறகு ரத்து செய்வது ஒரு வழி. நள்ளிரவுவரை திறந்திருந்த தபால் நிலையங்களில் தங்களுக்கே மணியார்டர் அனுப்பிக்கொள்வது இன்னொன்று. மெட்ரோ நிலையங்களில் 50 ரூபிளுக்குச் சில்லறை கேட்டவர்களும் உண்டு.

நோக்கம் என்று சொல்லப்பட்டது கள்ளச்சந்தைக்காரர்களின் பணத்தையும் வெளிநாட்டில் கிடக்கும் ரூபிளையும் முடக்குவது. பிப்ரவரியில் ‘த்ரூத்’ நாளேட்டுக்குக் கொடுத்த பேட்டியில், மேலைநாட்டு வங்கிகள் பெரும் ரூபிள் குவியலை உள்ளே கொட்டி அரசைக் கவிழ்க்கச் சதி செய்தன என்றுகூடச் சொன்னார் பாவ்லோவ். ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை.

விளைவு? புழக்கத்தில் இருந்த ரொக்கம் சுமார் 13,300 கோடி ரூபிள். திரும்பி வராமல் அழிந்தது சுமார் 1,400 கோடி. கள்ளச்சந்தைக்காரர் ரூபிளை ரூபிளாக வைத்திருக்கவில்லை. சரக்காகவோ டாலராகவோ மாற்றியிருந்தார், அல்லது ஆலைக் கணக்காளரைப் பிடித்து மற்றவர் பெயரில் மாற்றிக்கொண்டார். மாட்டியது சவ அடக்கச் செலவுக்கென்று மெத்தைக்கடியில் நூறு ரூபிள் நோட்டுகளைச் சேர்த்து வைத்த முதியவர்கள். இலக்கும் தவறு. செலவாகாமல் தேங்கிய பணத்தின் பெரும்பகுதி ரொக்கத்தில் இல்லை, 38,000 கோடியை ஒட்டிய சேமிப்புக் கணக்குகளில் இருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய சேதம் நம்பிக்கைக்கு. நோட்டுச் சீர்திருத்தம் எதுவும் வராது என்று அதுவரை பாவ்லோவே மறுத்து வந்தார். ரகசியம் காக்க வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால் ஜனவரிக்குப் பிறகு அவர் சொன்ன எந்த எண்ணையும் யாரும் நம்பவில்லை.

நம் 2016 பணமதிப்பு நீக்கத்தோடு ஒப்பிடலாமா? (வாசகர், சேலம்)

ஓரளவு. இங்கே 500, 1,000 ரூபாய் நோட்டுகள் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு. அவற்றில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்குத் திரும்பின. அங்கே சிறிய நோட்டுகள் தப்பியதால் அன்றாடச் செலவு நின்றுவிடவில்லை, ஆனால் கெடு மூன்றே நாள், தலைக்கு வரம்பும் உண்டு. இங்கே வங்கிக் கணக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் செலுத்த முடிந்தது.

ஏப்ரல் விலையேற்றத்தில் என்ன நடந்தது? (வாசகர், வேலூர்)

ஏப்ரல் 2 அன்று ரொட்டி, இறைச்சி, பால் எல்லாம் இரண்டு மூன்று மடங்காயின. மாஸ்கோ மெட்ரோ கட்டணம் 5 கோபெக்கிலிருந்து (100 கோபெக் ஒரு ரூபிள்) 15 ஆனது. ஈடாகத் தொழிலாளர்களுக்கு மாதம் 60 ரூபிளை ஒட்டிய தொகை தரப்பட்டது. சராசரிச் சம்பளம் அப்போது 300 ரூபிளுக்குச் சற்றுக் குறைவு. சேமிப்புக் கணக்கில் மார்ச் 1 அன்று இருந்த தொகைக்கு 40 விழுக்காடு கூட்டிக் கொடுத்தார்கள், ஆனால் அதன் பெரும்பகுதியை உடனே எடுக்க முடியாது. சில நாட்களிலேயே, அதுவரை அமைதியாக இருந்த மின்ஸ்க் நகர ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மார்ச்சிலிருந்தே வெளியே நின்றார்கள்.

விலை ஏறியும் கடைகள் நிரம்பவில்லை. பெரும்பாலான பொருள்களின் விலையை அப்போதும் அரசே வைத்தது. கூடவே ஈட்டுத் தொகையும் கூலி உயர்வும் வெளியே வந்துகொண்டிருந்தன. இறைத்த நீர் அதே கிணற்றில் விழுந்தது.

பிரதமரான பிறகும் ஏன் எதையும் கட்டுப்படுத்த முடியவில்லை? (வாசகர், தஞ்சாவூர்)

வரி வசூல் அவர் கையில் இல்லை. ஒன்றிய அரசின் வருவாயில் பெரும்பங்கு அதில் அடங்கிய குடியரசுகள் வழியாகவே வரவேண்டும். போரிஸ் யெல்ட்சின் தலைமையிலான ரஷ்யக் குடியரசு, தன் ஆளுகைக்கு மாறும் ஆலைகளுக்குக் குறைந்த வரி என்று ஆசை காட்டியது. பால்டிக் குடியரசுகள் அனுப்புவதையே நிறுத்தின. 1991 முழுவதற்கும் ஒன்றிய பட்ஜெட்டில் திட்டமிட்ட பற்றாக்குறை 2,670 கோடி; முதல் மூன்று மாதத்திலேயே அது 3,100 கோடியாகிவிட்டது. மிச்சத்தை விக்தோர் கெராஷ்சென்கோவின் கோஸ்பாங்க் கடனாகக் கொடுத்தது, அதாவது அச்சடித்தது. வரி வராத அரசுக்கு மிஞ்சியிருந்த ஒரே கருவி அச்சகம். ஜனவரியில் அழித்த 1,400 கோடி இந்த வேகத்தில் எத்தனை வாரத்துக்குத் தாங்கும்?

ஜூன் 17 அன்று பாவ்லோவ், அதிபரின் அதிகாரங்களில் சிலவற்றை அமைச்சரவைக்குத் தரும்படி உச்ச சோவியத்திடம் நேரடியாகக் கேட்டார். கோர்பச்சேவ் அதைத் தடுத்தார். ஆகஸ்ட் 19 அன்று ஆட்சியைப் பிடிக்க முயன்ற அவசரநிலைக் குழுவில் பாவ்லோவும் உறுப்பினர். அன்று மாலை அமைச்சரவைக் கூட்டத்தை நடத்தினார். ஆனால் குழு அன்று நடத்திய புகழ்பெற்ற செய்தியாளர் சந்திப்பில் அவர் இல்லை, உயர் ரத்த அழுத்தம் என்று சொல்லப்பட்டது. மூன்றே நாளில் முயற்சி சரிந்தது. மத்ரோஸ்கயா திஷினா சிறையில் 1993 ஜனவரிவரை இருந்தார். 1994-ல் ரஷ்ய நாடாளுமன்றம் பொதுமன்னிப்பு அளித்தது. அதே ஆண்டு ஒரு தனியார் வங்கிக்குத் தலைவரானார். 2003 மார்ச் 30 அன்று மாஸ்கோவில் காலமானார்.

நோயை அவர் சரியாகவே கண்டுபிடித்தார் என்பது எங்கள் கருத்து. விலைகள் பொய், பட்ஜெட் பொய், பணம் மிகுதி; மூன்றையும் அறிந்திருந்தார். ஆனால் விலையை விடுவிக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆணை போட்டே சரிசெய்துவிடலாம் என்று நம்பினார். ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டிய குடியரசுகள் அப்போது வேறு பக்கம் போய்விட்டன.

சோவியத்துக்கு இந்தியா தரவேண்டிய ரூபிள் கடன் என்ன ஆயிற்று? (வாசகர், குன்னூர்)

நல்ல கேள்வி, நீலகிரித் தேயிலைக்கு அந்நாளில் பெரிய வாடிக்கையாளர் சோவியத் என்பதால் குன்னூரிலிருந்து இது வந்ததில் வியப்பில்லை. ராணுவத் தளவாடத்துக்கும் ஆலைகளுக்கும் வாங்கிய கடன் ரூபிளில் இருந்தது. ரூபிள் சந்தையில் நொறுங்கியதும் எந்த மதிப்பில் திருப்புவது என்ற தகராறு எழுந்தது. 1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லி வந்தபோது ஒப்பந்தமானது. கடனில் 63 விழுக்காட்டை 12 ஆண்டுகளிலும், மீதி 37 விழுக்காட்டை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளிலும் ரூபாயில் கட்டுவது. அந்த ரூபாயில் ரஷ்யா இந்தியச் சரக்கை வாங்கிக்கொள்வது. தேயிலை, மருந்து, துணி எல்லாம் அந்தக் கணக்கில் போயின.

சேமிப்பு வங்கியில் பணம் வைத்திருந்த சோவியத் மக்களுக்கு ஏதாவது திரும்பக் கிடைத்ததா? (வாசகர், சென்னை)

ரஷ்யாவில் கொஞ்சம் கிடைத்தது. 1992 ஜனவரியில் விலைகளை விடுவித்ததும் அந்தச் சேமிப்பு சில மாதங்களில் மதிப்பிழந்தது. 1995-ல் ஒரு சட்டம் அதை அரசின் உள்நாட்டுக் கடனாக ஏற்றது. 1996 முதல் மிக முதியவர்களிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஈடு கொடுத்தார்கள்.

பின்னாளில் நிலைத்த விதிப்படி, 1991 ஜூன் 20 அன்று கணக்கில் இருந்த தொகையே அடிப்படை. 1945 வரை பிறந்தவர்களுக்கு அதைப் போல மூன்று மடங்கு, 1946 முதல் 1991 வரை பிறந்தவர்களுக்கு இரண்டு மடங்கு. கணக்கை 1992-ல் மூடியிருந்தால் அதில் 60 விழுக்காடு, 1993-ல் என்றால் 70, 1994-ல் 80, 1995-ல் 90, அதற்குப் பிறகு மூடியிருந்தாலோ மூடாமலே இருந்தாலோ முழுத் தொகை. 1991 ஜூன் 20-க்கும் டிசம்பர் 31-க்கும் இடையில் மூடியவர்களுக்கு எதுவும் கிடையாது. மூன்று மடங்கு என்றதும் மயங்க வேண்டாம்: 1998-ல் ஆயிரம் பழைய ரூபிளை ஒரு புதிய ரூபிளாக்கிய பிறகு இருந்த ரூபிளில்தான் அது கணக்கிடப்பட்டது. 1991-ல் பல மாதச் சம்பளத்துக்குச் சமமான 2,000 ரூபிள் வைத்திருந்த முதியவர் ஒருவருக்கு 6,000 புதிய ரூபிள் கிடைத்திருக்கும்.